ஒரே மேடை, ஒரே தாளம்

45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை. நிமிடத்துக்கு 30 தடவை அதில் ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம், அல்லது இனி முடியாது என்று கால் சொல்லும்வரை. முடிந்ததும் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து நிமிடமும் நிமிடத்துக்கொரு தடவை, பிறகு ஏழாவதிலும் பத்தாவதிலும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்வார்கள். புதுச்சேரி கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் உடலியங்கியல் துறையில் மதன்மோகனும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை இது. 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்லும் சேதி சுருக்கமானது. இரண்டு மாத யோகப் பயிற்சிக்குப் பிறகு அதே மேடையில், அதே வேகத்தில் ஏறி இறங்கியவர்களுக்கு முன்பு ஏறிய அளவுக்குத் துடிப்பும் ஏறவில்லை, அழுத்தமும் ஏறவில்லை. வேலையில் மாற்றமில்லை. அதைச் செய்து முடிக்க இதயம் படும் பாடு குறைந்திருந்தது.

யோகத்துக்கு ஒரு சான்று என்று இதை எடுத்துக்கொள்ளலாம். சந்தேகப் பிராணிகள், இரண்டாம் தடவை ஏறுகிறவருக்கு அந்த மேடை புதிதல்ல, பயம் தெளிந்தாலே துடிப்பு இறங்கும் என்பார்கள். அதுவும் நியாயம்தான். எனக்கு இதில் பிடித்தது வேறு. நேற்றைய ஆளோடு இன்றைய அதே ஆளை நிறுத்திப் பார்க்கும் ஒப்பீடு அது. பக்கத்து ஆளின் எண்ணைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைக்கவில்லை.

மேடைக்குப் பூர்வீகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டில் ‘சோர்வு ஆய்வகம்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆய்வகம் இருந்தது. லூசியன் ப்ரூஹா என்ற பெல்ஜியக்காரர் அங்கே 20 அங்குல மேடையை வைத்து, இளைஞர்களின் தாக்குப்பிடிக்கும் திறனைப் பார்க்க ஒரு வழி கண்டார். 20 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 51 சென்டிமீட்டர். கோரிமேட்டில் அது 45. குறைந்துபோன அந்த ஆறு சென்டிமீட்டரை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் ஒரே மேடையைப் போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் ஒரே வேலை கொடுத்தோம் என்று சொல்ல முடியாது. நெட்டைக்காலுக்கு அது ஒரு படி, குட்டைக்காலுக்கு ஒரு சுவர். துடிப்பை எண்ணத் தொடங்கும் முன்பே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் இடம் கோரிமேடு. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல்தான் இங்கே இருக்கும் ஜிப்மர். அவர்கள் ஆட்சியைக் கையளித்தது 1954இல். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964இல் அது இன்றைய பெயரை எடுத்துக்கொண்டது. நெஞ்சக நோய்க்கான அரசு மருத்துவமனை இருக்கிறது, பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காவலர் பயிற்சிப் பள்ளியும் அதன் மைதானமும் இருக்கின்றன. உடம்பை ரிப்பேர் பார்க்கும் இடமும் உடம்பைத் தேர்ந்தெடுக்கும் இடமும் அடுத்தடுத்து. விடிகாலையில் இந்தப் பக்கம் நடக்க வருகிறவர்களுக்கு இரண்டும் கண்ணில் படாமல் போகாது. அவர்களில் பாதிப் பேர் கையில் இப்போது துடிப்பு காட்டும் வாட்ச். தோலுக்குள் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்லும் சங்கதி. டீக்கடை வாசலில் பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, உங்களுக்கு எவ்ளோ காட்டுது?”

“நூத்திப் பன்னெண்டு. உனக்கு?”

“நூத்தி நாப்பத்தேழு. உங்க கூடவேதானே வந்தேன்?”

“வாட்ச் மட்டமா இருக்கும். டீ சொல்லு.”

வாட்ச் மட்டமாக இருக்கவும் கூடும். ஆனால் சரியான வாட்சுகளே இரண்டும் என்றாலும் இந்த இரண்டு எண்களும் வரும். இதயத்தின் கணக்கு பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தத்தை ஒரு நிமிடத்தின் துடிப்புகளால் பெருக்கினால் அந்த நிமிடத்தின் மொத்த ரத்தம். சும்மா இருக்கையில் ஏறக்குறைய 5 லிட்டர். வேகநடைக்கு 10 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 100 மில்லி தள்ளும் இதயம் 100 தடவை அடித்தால் போதும். 70 மில்லி தள்ளும் இதயம் 143 தடவை அடிக்க வேண்டும். தெருக்குழாயில் பெரிய குடம் வைத்திருக்கிற வீட்டுக்கு நாலு நடை, சின்னக் குடம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஆறு நடை. தொட்டி நிறைவது ஒரே நேரத்தில்தான். சின்னக் குடக்காரரைப் பலவீனர் என்று யாரும் சொல்வதில்லை. வாட்ச் விஷயத்தில் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

குடத்தின் அளவு பிறவியில் பாதி, பழக்கத்தில் பாதி. உடல் சிறியதென்றால் இதயமும் சிறியது. பெண்களின் துடிப்பு சராசரியில் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நீண்ட நாள் ஓடுகிறவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, இடது கீழறை விரிகிறது, ஒவ்வொரு துடிப்பும் கனக்கிறது. அவர்களில் சிலருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 40தான் அடிக்கும்.

துடிப்பை யார் ஓட்டுகிறார்கள் என்பது இன்னும் சுவாரசியம். இதயத்துக்கு வரும் நரம்புகளை எல்லாம் விலக்கிவிட்டாலும் அது தானாகவே அடிக்கும். இளம் வயதில் நிமிடத்துக்கு 100ஐ ஒட்டி. நமக்கு ஓய்வில் 70 என்று இருப்பது, வேகஸ் நரம்பு ஓயாமல் அதை அடக்கி வைத்திருப்பதால். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் துடிப்பு ஏறுகிறதே, அந்த முதல் ஏற்றம் பெரும்பாலும் முடுக்குவதால் வருவதில்லை. அடக்கிய கை தளர்வதால் வருகிறது. 100ஐத் தாண்டிய பிறகே முடுக்கும் நரம்புகளும் அட்ரினலினும் முழு வேகத்தில் இறங்குகின்றன. மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதைக் கண்ணால் பார்க்கலாம். நரம்பு அறுபட்ட அந்த இதயம் ஓய்விலேயே 90, 100 என்று அடிக்கும். நடக்கத் தொடங்கினால் சில நிமிடம் அசைந்தே கொடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெல்ல ஏறும்; உட்கார்ந்த பிறகும் இறங்க மனமின்றி இருக்கும். வேகஸ் ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்று தவளை இதயங்களை வைத்து ஓட்டோ லோவி காட்டியது 1921இல். அந்தச் சுரப்பு ஆளுக்கு ஆள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஜிப்மரிலேயே ஜி. கே. பால் முதலானோர் செய்த இன்னோர் ஆய்வில், மூன்று மாதம் மெதுவாக மூச்சு விடப் பழகியவர்களுக்கு இந்த அடக்கும் பக்கம் வலுத்தது தெரிந்தது. அதுவும் 2004தான். கோரிமேட்டுக்கு நல்ல ஆண்டு போலும்.

இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே கழித்தலில் தீர்த்துவிடுவது ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் சூத்திரம்: 220இலிருந்து வயதைக் கழி, அதுதான் உன் உச்சத் துடிப்பு. இதன் பிறப்புக் கதை அவ்வளவு கௌரவமானதல்ல. 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் எழுதிய ஒரு கட்டுரையில், பிறர் ஆய்வுகளிலிருந்து திரட்டிய முப்பத்தைந்து சொச்சம் புள்ளிகளுக்கு நடுவே கண்மதிப்பாகச் செலுத்திய கோடு அது. பிற்காலத்தில் ராபர்க்ஸ், லேண்ட்வேர் என்ற இருவர் 2002இல் மூலத்தைத் தேடிப் போய், முறையான ஆய்வொன்றும் அதற்குப் பின்னால் இல்லை என்று எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தனாகாவும் சீல்ஸும் 351 ஆய்வுகளில் இருந்த 18,712 பேரின் தகவலைத் தொகுத்து வேறொன்று சொன்னார்கள்: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டு சூத்திரமும் 180 என்றே தரும். அறுபதில் ஒன்று 160, மற்றது 166.

நல்ல சூத்திரமானாலும் அது சராசரிக்குத்தான் விடை சொல்லும். தனிமனிதர்கள் அந்தச் சராசரியிலிருந்து 10, 12 துடிப்பு இப்படியும் அப்படியும் விலகுவது சகஜம். இருபது விலகுகிறவர்களும் உண்டு. நாற்பது வயதுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு உச்சம் 165, இன்னொருவருக்கு 195 என்று இருக்கலாம். இருவருமே ஆரோக்கியர். வாட்சில் 150 என்று வரும்போது ஒருவர் கிட்டத்தட்டத் தன் எல்லையில் இருக்கிறார், மற்றவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வருகிறார். பின்லாந்தின் கார்வோனன் 1957இலேயே இதற்குப் பாதிப் பரிகாரம் சொன்னார்: ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் சேர், ஓய்வுக்கும் உச்சத்துக்கும் இடையில் இருக்கும் கையிருப்பில் எத்தனை பங்கு செலவாகிறது என்று பார். ஆறு இளம் மருத்துவ மாணவர்களை ஓடவிட்டுக் கண்டது அது. ஸ்வீடனின் போர்க் என்ற உளவியலாளர் இன்னும் துணிந்தார். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று ஆளையே கேட்டுவிடு என்றார். அவருடைய அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஓரளவுக்குத் துடிப்பு வரும்படி அமைத்தது. கருவி இல்லாத காலத்து ஏற்பாடு என்று இதை ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. பேச்சு மூச்சில் தடைபடுகிறதா என்பது இன்றைக்கும் நம்பகமான சோதனை.

எண்ணுவது எப்போதும் இருந்த பழக்கமும் அல்ல. ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கிலேய வைத்தியர் நாடியை எண்ணிப் புத்தகம் போட்டது 1707இல். நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் பார்த்தபோது எத்தனை என்று கேட்கவில்லை. எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். அன்னம் போல், ஆமை போல், பாம்பு போல் என்று நடையைத்தான் சொன்னார்கள். அதில் இன்றைய உடலியங்கியலைத் தேடுவது வீண். ஆனால் இரண்டு பேரின் நாடியை வரிசையில் நிறுத்தி யாருக்கு முதல் இடம் என்று சொல்லும் ஆசை அந்த முறையில் எழவே முடியாது. எண் வந்த பிறகுதான் போட்டி வந்தது.

போட்டியின் உச்சம் இதயத்தையே நிறுத்திக் காட்டுகிறேன் என்ற சவால். பிரான்ஸிலிருந்து தெரேஸ் ப்ரோஸ் என்ற இதய மருத்துவர் இதயமின் வரைவுக் கருவியோடு 1935இல் இந்தியா வந்து, யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் உட்படப் பலரைச் சோதித்தார். துடிப்பு மறையும் அளவுக்குக் குறைந்தது என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. 1957இல் வெங்கர், பாக்சி என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் சுற்றி, சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரையும் கண்டார்கள். ஆனந்த் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1961இல் அவர்கள் எழுதிய முடிவு நிதானமானது. மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, மணிக்கட்டில் நாடி அகப்படாது, ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. மின்வரைவு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இதயம் நிற்கவில்லை. அதனால் யோகம் தோற்றது என்று நான் எண்ணவில்லை. நிறுத்துவதைவிட, மேடை ஏறும்போது கொஞ்சம் குறைவாக அடிக்கப் பழக்குவது பெரிய காரியம். கோரிமேட்டில் பார்த்தது அதைத்தான்.

பழகினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறையுமா என்றால், அதுவும் இல்லை. வட அமெரிக்காவில் க்ளோட் பூஷார் முதலானோர் குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்து 20 வாரம் ஒரே திட்டப்படி சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சராசரியில் நிமிடத்துக்கு 400 மில்லி அளவுக்குக் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. இந்த வித்தியாசத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட பரம்பரை பொறுப்பு என்று கணக்கு வந்தது. ‘ஒழுங்காக நடக்கவில்லை போலிருக்கிறது’ என்று மருத்துவர்கள் சந்தேகப்படும் ஆட்களில் சிலர் ஒழுங்காகவே நடந்திருப்பார்கள்.

ஆளுக்கு ஆள் ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், ஏறும்போது பார்ப்பதைவிட நின்ற பிறகு பார்ப்பது மேல். ப்ரூஹாவின் கணக்கே அப்படித்தான், எண்ணியதெல்லாம் ஓய்வெடுக்கும்போது. 1999இல் கிளீவ்லண்டில் கோலும் லாயரும் 2,428 பேரைத் தொடர்ந்து கவனித்து, உச்சத்தில் நிறுத்திய பின் முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களுக்குப் பிற்காலச் சாவு அபாயம் அதிகம் என்று கண்டார்கள். அடக்கும் நரம்பு எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்பி வந்து பொறுப்பேற்கிறது என்பதன் அளவு அது.

காவலர் மைதானத்தில் ஆள் எடுக்கும்போது இதெல்லாம் கேட்பதில்லை. ஓட்டத்துக்கு நேரம், தாண்டலுக்குத் தூரம், உயரம். கோட்டைத் தொட்ட நொடி மட்டும் பதிவேட்டில் ஏறும். ஒரே நொடியில் தொட்ட இருவரில் ஒருவருக்கு அது பாதிக் கையிருப்பு, இன்னொருவருக்கு முழுச் சொத்து. திருடனைத் துரத்துவதற்கு நொடிதான் முக்கியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் காலை ஏழு மணிக்கு ஓடியவரையும் வெயில் ஏறிப் பதினோரு மணிக்கு ஓடியவரையும் ஒரே பட்டியலில் வைப்பது வேறு. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை வடிகிறதே தவிர உலர்வதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, நீர் குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வரும் அளவு சுருங்குகிறது. வேகத்தைக் கூட்டாமலேயே எண் மேலே போகும். டீக்கடை அண்ணன் 112இல் நிற்பதற்கும் அவர் காலையில் போட்ட பிரஷர் மாத்திரை காரணமாக இருக்கலாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையானால், ஓடினாலும் துடிப்பை ஓரளவுக்கு மேல் போகவிடாது. அவரிடம் போய் 220இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்வது வெட்டிவேலை.

இதுவரை சொன்ன வித்தியாசங்களில் பெரும்பாலானவை யாரும் யாருக்கும் செய்ததல்ல. உயரம், வயது, பரம்பரை, நரம்பின் சுபாவம். ‘ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்குச் சங்கடம் தருவது அந்த வாக்கியம் எட்டாத இன்னொரு வகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. டெசிலிட்டருக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், ஒவ்வொரு 100 மில்லி ரத்தமும் ஏறக்குறைய 16 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். 8 கிராம்தான் இருந்தால் 11க்கும் குறைவு. மீதியை ஈடுகட்ட இதயத்துக்குத் தெரிந்த முதல் வழி இன்னும் வேகமாக அடிப்பது. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி வந்த பெண்ணின் வாட்ச் மெதுநடையிலேயே 150 காட்டினால், ‘பழக்கமில்லை, போகப்போகச் சரியாகும்’ என்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஜிப்மர் வாசலுக்கு வெளியே நின்று இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செய்து பார்க்க இவ்வளவு பக்கத்தில் இடம் இருக்கிறதே.

ரத்தசோகை முடுக்கிவிடும் இந்தத் துடிப்பை அளக்க 1970களில் சிலர் இலங்கைக்குப் போனார்கள். கார்ட்னரும் எட்ஜர்டனும் உடன் ஆய்வாளர்களும் 75 பெண்களை ஓடுபட்டை இயந்திரத்தில் நடக்கவைத்தார்கள். ஹீமோகுளோபின் குறையக் குறைய, அதே வேலைக்கு இதயம் அதிகம் அடித்தது. தாக்குப்பிடித்த நேரமும் குறைந்தது. அடுத்து தேயிலைத் தோட்டத்து வேலையையே அளந்தார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் போன கூலிகளின் பேத்திகள். சரிவில் முதுகுக் கூடையோடு ஏறும் வேலைக்கு 45 சென்டிமீட்டர் மேடை ஒரு பொருட்டல்ல. ஒரு சாராருக்கு இரும்புச்சத்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவு வந்தது: இரும்புச்சத்து பெற்று ரத்தம் தேறிய பெண்கள் அதிகக் கொழுந்து பறித்தார்கள். இதில் இருக்கும் பொருளாதார ஆதாயத்தைக் கட்டுரையும் எடுத்துச் சொன்னது. தராசு நிறுத்துக் காட்டுவது கொழுந்தைத்தானே. ஆனால் அவர்கள் இன்னொன்றையும் அளந்து வைத்திருந்தார்கள். ரத்தசோகை உள்ளவர்கள் அன்றாடம் எவ்வளவு அசைகிறார்கள் என்று சிலரிடம் 24 மணி நேரமும் விடாமல் பதிந்தார்கள். மூன்று வாரத்தில், இரும்புச்சத்து பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அசையத் தொடங்கியிருந்தார்கள். யாரும் எடை போடாத, கூலி தராத நேரமும் அந்த 24 மணிக்குள் இருந்தது.